எந்தப் பாதையால வந்தீங்க?

அம்பிளாந்துறையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தேன். சைக்கிளைப் பக்கத்து வேம்பில் சாத்தியிருந்தேன். வாய்க்கால் ஒன்றை இறங்கிக் கடந்ததில் முழங்கால் வரைக்கும் சேறு அப்பிக் காய்ந்து கிடந்தது. வெற்றிலைத் தட்டத்தோடு எதிரே இருந்த பெரியவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பாதையால வந்தீங்க மனே?"

"வவுணதீவால வந்து, வயல் வட்டைக்குள்ளால கிறுகி, வாய்க்கால் கட்டைப் புடிச்சி வந்தன்."

"அது வழி. நான் கேட்டது பாதை. குருக்கள்மடத்துப் பாதையாலயா, மண்டூர்ப் பாதையாலயா?"

மட்டக்களப்பாருக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்குப் பெயர் 'பாதை'. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் ஒரு பாதை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஒரு பாதை, வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையில் இன்னொன்று. பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். காற்று கடுமையாக இருந்தால் பாதை ஓடாது. சின்ன வயதிலிருந்து வாயில் புழங்கிய சொல்தான். ஆனால் இரண்டு வருடமாகச் சைக்கிள் ஓடுவதற்குப் பாதை தேடி அலைந்துவிட்டு அந்த வாங்கில் இருந்து கேட்டபோது, அந்தச் சொல்லுக்குள் நான் தேடியது முழுக்க இருப்பதுபோல் பட்டது. எங்கள் பக்கத்துப் பாதையை யாரோ ஒருவர் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரைக் கேட்காமல் அதில் ஏற முடியாது.

இந்தச் சைக்கிள் என் கைக்கு வந்தது 2022இல். அந்த வருடம் ஜூன், ஜூலை மாதங்களில் பெற்றோலுக்கு நாங்கள் நின்ற நிம்மதியில்லாத வரிசைகளை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். கல்லடியிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போக எனக்கு ஏதாவது வேண்டும். யப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள்கள் விற்கும் கடையில், விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 26 அங்குலச் சில்லுள்ள ஒரு மலைச் சைக்கிளை வாங்கினேன். தடித்த ரயர், இரும்புச் சட்டம், முன்னுக்கு மூன்று பல்லுச்சக்கரம், பின்னுக்கு ஏழு. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து வரிசை குறைந்ததும் என் தெருவில் பல சைக்கிள்கள் திரும்பவும் கொட்டிலுக்குள் போயின. என்னுடையது போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வலையிறவுப் பாலத்தைக் கடந்து, தார் முடிந்த இடத்தில் நிற்காமல் நேரே போனேன். அன்றிலிருந்து இது நடக்கிறது.

மலை இல்லாத இடத்தில் மலைச் சைக்கிள் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் என்ற மாவட்டம். தமல்பயஸ் என்ற மலையும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளும். 1970களில் அங்கே சில இளைஞர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்துப் பாரமான சைக்கிள்களை, தடித்த ரயர் போட்டவற்றை, பழைய சாமான்களிலிருந்து பொறுக்கியெடுத்து மண் பாதையால் மலையிலிருந்து இறக்கினார்கள். 1976 ஒக்டோபரில் 'ரீபக்' என்ற இறக்கத்தில் நேரம் குறித்துப் போட்டி வைத்தார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிறேக்கில் உள்ள கிறீஸ் ஒரே இறக்கத்தில் எரிந்து புகையாகிவிடும், ஒவ்வொரு தரமும் புதிதாய் அடைக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர். இருபது வருடத்தில், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியானது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர்கள் ஓடிய பாதைகளை அவர்கள் வெட்டவில்லை. பலவும் காட்டுத்தீயை அணைக்க வண்டி போவதற்காக வெட்டப்பட்டவை. வேறொருவர் வேறொரு வேலைக்காகப் போட்ட வழியில்தான் முதல் மலைச் சைக்கிளும் ஓடியது.

மலைச் சைக்கிள்காரர்கள் 'சிங்கிள் ட்ரக்' என்று ஆசையோடு சொல்வது, ஒரு சைக்கிள் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய மண் தடத்தை. நமக்கு அது ஒற்றையடிப்பாதை. கலிபோர்னியாவில் அதைத் தேடிப் போக வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒவ்வொரு வீட்டுக் கடப்பிலிருந்தும் ஒன்று தொடங்குகிறது.

நகரத்துக்குள்ளும் கொஞ்சம் உண்டு. வேலைக்கு முன்னர் அரை மணித்தியாலம் கிடைத்தால் நான் டச்பார் தாண்டி நாவலடிப் பக்கம் போவேன். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் மணல். காய்ந்த மணலில் சில்லு புதையும். அலை வந்து போகும் ஈரக் கரையில்தான் மணல் இறுகி இருக்கும், அங்கே காற்றுக் குறைந்த ரயர் நன்றாக ஓடும். சவுக்கு மரங்களுக்குள் ஊசியிலை மெத்தைபோல் கிடக்கும், சத்தமே வராது. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் முழுதாய் வழித்துக்கொண்டு போன கரை அது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மணலுக்குள்ளால் தெரிகிற இடங்களில் நான் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளில் உப்புத் துரு பிடித்துவிடும். நகரத்துக்குள் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வாவிக்கு அங்கால்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் மதிலும் கடையும் கடல் வரைக்கும் நெருக்கி நிற்கின்றன. படுவான்கரையில் வட்டை வட்டையாய் வயல், குளம், அதற்கு மேற்கே காடு. என் வயதுக்காரருக்கு அந்தக் கரை நீண்ட காலம் போக முடியாத கரையாகவே இருந்தது. வவுணதீவில் சோதனைச் சாவடி, அதற்கு அங்கால் வேறு கட்டுப்பாடு. 2007 வரைக்கும் அப்படித்தான். அம்மாவின் ஊர் வாவிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்த ஊரின் ஒற்றையடிப்பாதைகளை நான் முதல் முதலாய்ப் பார்த்தது நாற்பதைத் தொட்ட வயதில், இந்தச் சைக்கிளில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஒரு வட்டம் கிடைத்தது: வலையிறவுப் பாலத்தால் போய், வட்டைகளுக்குள் புகுந்து, கொக்கட்டிச்சோலைக்கு வந்து தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்குத் திரும்பலாம். புதிதாக வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போவது இந்த வட்டத்தில்தான்.

முதலில் நானும் எல்லோரையும்போலச் செய்மதிப் படத்தில்தான் தேடினேன். இரவில் போனைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பச்சைக்குள் வெள்ளை நூல்போல் ஓடுகிற கோடுகளை விரலால் பின்தொடர்வேன். அதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய வண்டில் பாதை எது, நேற்று வெட்டியது எது என்று ஓரளவு பிடிபடும். வளைந்து வளைந்து போவது பெரும்பாலும் பழையது. நேர்க்கோடாய்ப் போவது வாய்க்கால் கட்டு அல்லது யானை வேலி. அகலமாய், பளிச்சென்று வெள்ளையாய், ஆற்றை நோக்கிப் போவதைத்தான் நான் தெரியாமல் நம்பினேன்.

செங்கலடிக்கு மேற்கே ஓர் ஆற்றங்கரையில் அது நடந்தது. படத்தில் அழகான பாதை. நேரில் டிப்பர் சில்லுகள் உழுத பள்ளம். ஒரு கிலோமீற்றர் போனதும் பாதை திடீரென்று முடிந்து, கீழே ஆள் ஆழத்துக்கு மண் அள்ளிய குழி, பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். பிறேக் பிடிக்க முன்சில்லு விளிம்பில் நின்றது, காலடி மணல் சரசரவென்று இடிந்து தண்ணீரில் விழுந்தது. அந்தக் குழிக்கு ஒரு வேலியில்லை, ஒரு தடியில்லை. பக்கத்தில் ஆட்டுக்குட்டிகளின் குளம்படியும் சின்னப் பிள்ளைகளின் காலடியும் இருந்தன. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றுக்கு மாடு தண்ணீர் குடிக்கப் போன பழைய தடம் அது என்று பிறகு ஊருக்குள் சொன்னார்கள். படத்தில் பார்த்த வெள்ளைக் கோட்டுக்கு அடியில் ஒரு மாட்டுப் பாதை அழிந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் மாடுகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

மாட்டுப் பாதைபோல் நல்ல பாதையை மனிதன் வெட்டுவது கடினம். மாடு சதுப்பில் காலை வைக்காது. குன்றில் நேரே ஏறாது, சாய்வாய்ச் சுற்றி ஏறும். மலைச் சைக்கிள் பாதை வெட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: பாதை ஏறுகிற சரிவு, அந்தக் குன்றின் பக்கச் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மழைத் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கி அரித்துக்கொண்டு போகும். இதைப் படித்துவிட்டுத் தாந்தாமலைப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தடத்தில் ஏறிப் பார்த்தேன். கணக்கு அப்படியே பொருந்தியது. அந்தத் தடத்தில் எத்தனை மாரி பெய்திருக்கும். ஓர் இடத்திலும் அரிப்பு இல்லை.

எங்கள் மாவட்டத்தில் மாடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. பெரும்போகம் விதைத்தால் பயிரைக் காக்க மாட்டுப் பட்டிகளை மேற்கே தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப்போவார்கள். வெட்டு முடிந்து வயல் வெறுமையானதும் வைக்கோல் மேயத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஆயிரக்கணக்கான குளம்புகள் வருடத்துக்கு இரண்டு தரம் மிதிக்கிற அந்தத் தடங்கள்தான் இங்கே உள்ள மிக நீளமான பாதைகள். அதில் சில இடங்களுக்கு நான் போவதில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். தன் மாட்டைத் தன் தரையில் மேய்க்க ஒருவர் வீதியில் இருந்து கேட்கும் இடத்துக்குப் பொழுதுபோக்காய்ச் சைக்கிள் ஓடிப்போக எனக்கு மனம் வரவில்லை.

உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு பட்டிக்காரரைத் தெரியும். அறுபதுக்கு மேல் இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துவாய், கையில் கம்பு. முதல் நாள் குளத்துக்கு மேற்கே ஒரு தடத்தில் நான் போகப் பார்த்தபோது, அவர் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"இதால ஏலா. ஆன நிக்கிது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காடு அமைதியாக இருந்தது. அவர் என்னை இருபது அடி கூட்டிப்போனார். தடத்தின் நடுவில் யானை லத்தி கிடந்தது. மேலே காய்ந்த மாதிரித்தான் இருந்தது. கம்பு நுனியால் அதைப் பிளந்தார். உள்ளே ஈரம், ஆவி எழும்பியது, செரிக்காத நெல் மணிகள் முழுதாய்த் தெரிந்தன. "ராவைக்கு வயலுக்க நிண்டிரிக்கி. விடியக்க ஏறிரிக்கி." பிறகு வலப்பக்கம் முறிந்து தொங்கிய ஒரு கொப்பைக் காட்டினார். இலை இன்னும் வாடவில்லை. "இது இப்ப. அரை மணித்தியாலம் இரிக்காது."

நாங்கள் அப்படியே பின்னுக்கு வந்து குளக்கட்டில் ஏறி இருந்தோம். கொஞ்ச நேரத்தில் தடத்துக்கு அங்கால் மரங்கள் அசைந்தன. காற்று இல்லை. ஒரு தனியன் யானை வெளியே வந்து, நான் போகவிருந்த அதே தடத்தைக் குறுக்கறுத்து, ஒரு சத்தமும் இல்லாமல் மறுபக்கம் புகுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, காய்ந்த சருகில் அவ்வளவு மெதுவாய். அவர் வெற்றிலையை மென்றபடி, "எட்டரைக்குப் பொறகு வாங்க. நான்கு மணிக்கு முதல் போயிருங்க. இதுக்குள்ள சைக்கிளுக்குப் பெல் போதாது, கதைச்சிக் கதைச்சி வாங்க" என்றார். அன்றிலிருந்து காட்டோரத் தடத்தில் நான் தனியே போவதில்லை. கூட வருகிறவருடன் உரக்கக் கதைத்துக்கொண்டு போவேன். காதில் பாட்டு வைத்துக்கொண்டு வருகிறவரை நான் கூட்டிப்போவதில்லை, எவ்வளவு நெருங்கிய சிநேகிதராய் இருந்தாலும்.

வயலுக்குள் வேறு ஒழுங்கு. வரம்பில் சைக்கிள் ஓடக்கூடாது. இதை முதல் வருடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாய் உணரவும் இல்லை. வரம்பு என்பது நடக்கிற வழிபோல் தெரியும். அது தண்ணீரை மறிக்கிற சுவர். ஈரத்தில் தடித்த ரயர் ஒரு கோடு கீறினால் அந்தக் கோட்டால் தண்ணீர் கசியத் தொடங்கும், இரவோடு இரவாய் வரம்பு உடைந்து மேல்வயல் வற்றி, கீழ்வயல் மூழ்கும். ஒரு நாள் ஆயித்தியமலைப் பக்கத்தில் அந்த வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை என்னை நிறுத்தி, நான் வந்த தடத்தை மண்வெட்டியால் தொட்டுக் காட்டினார். ஏசவில்லை. "இத நீங்களே மூடிட்டுப் போங்க மனே" என்று மண்வெட்டியைத் தந்தார். ஐம்பது அடி வரம்பு. குனிந்து மண் வெட்டி, மிதித்து, தட்டி, இறுக்கி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அதில் நான் கற்றதை எந்தப் படமும் சொல்லித் தராது. வட்டைக்குள் உழவு மெசின் போகிற அகலக் கட்டில் ஓடலாம். வாய்க்கால் கட்டில், காய்ந்திருந்தால் ஓடலாம். வரம்பில் இறங்கி நடக்க வேண்டும். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அதுவும் வேண்டாம். செருப்பில்லாமல் வயல் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று: காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரால்தான் வருகிறது.

மரினிலும் இதே பிரச்சினை வந்தது. நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் சைக்கிளை எதிர்த்தார்கள், பாதைகள் மூடப்பட்டன. 1988இல் சைக்கிள்காரர்கள் ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கி, பாதைக்கு எப்படி நடந்துகொள்வது என்று விதி எழுதினார்கள். ஈரப் பாதையில் ஓடாதே, மற்றவருக்கு வழி விடு, மிருகத்தை வெருட்டாதே. எங்களுக்கு அந்தச் சங்கம் மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறது.

முள்ளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நெருஞ்சி ரியூப்பைக் குத்தும், ஆனால் பிடுங்கி ஒட்டிவிடலாம். விடத்தல் முள் அப்படியில்லை. ரயருக்குள் ஏறி நுனி முறிந்து உள்ளேயே நிற்கும். புதிய ரியூப் போட்டாலும் அதையும் குத்தும். கொக்கட்டிச்சோலையில் நான் போகிற சைக்கிள் கடையில், ஒட்டுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் மெதுவாய்த் தடவுவார் கடைக்காரர். கண் திறந்திருந்தால் விரல் சரியாய்ப் பார்க்காது என்பார். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் விரல் நிற்கும். குறட்டின் நுனியால் இழுத்தால் அரிசி முனையளவில் ஒரு கறுப்பு நுனி வரும். அதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்குவார். காற்று முட்டை வருகிற இடத்தை ஈர்க்கால் குறித்து, அரத்தால் சுரண்டி, சொலுசன் பூசி, அது காயும் வரைக்கும் ஊதாமல் இருப்பார். ஊதினால் எச்சில் படும், ஒட்டு நிற்காது. ரோட்டில் ஐம்பது இறாத்தல் காற்று வைத்து ஓடுகிற நான் வட்டைக்குள் முப்பதுக்கு இறக்குவேன், மணலுக்கு இன்னும் குறைப்பேன். அதற்குக் கீழே போனால் கல்லில் அடிபட்டு ரியூப் இரண்டு பல் பதிந்த மாதிரி வெடிக்கும். பழைய ரியூப்பை நீளவாக்கில் வெட்டி ரயருக்கும் புதிய ரியூப்புக்கும் இடையில் படுக்கையாய் வைப்பது அவர் சொல்லித் தந்தது. பாரம் கூடும். முள் குறையும்.

மலை வேண்டும் என்கிறவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தாந்தாமலையில் பாறை கிடக்கிறது, வழுவழுப்பான பெரிய பாறை, காய்ந்த நேரத்தில் ரயர் பசை போட்டதுபோல் பிடிக்கும். ஆனால் அது முருகன் மலை. கோயில் எல்லைக்குள் நான் சைக்கிளில் ஏறுவதில்லை, சுற்றியுள்ள தடங்களே போதும். தொல்பொருள் திணைக்களப் பலகை நிற்கும் பாறைகளிலும் சில்லை வைக்கக் கூடாது. கிரானிலிருந்து மேற்கே குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. தூரத்திலிருந்து பார்த்தால் தலையில் முடிந்த குடும்பிதான். அந்தப் பக்கம் போக நான் நெடுநாள் பயந்தேன், யானைக்கு அல்ல, மிதிவெடிக்கு. மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அகற்றப்பட்டதாக 2017இல் அறிவித்தார்கள். அதற்காக வேலை செய்தவர்களில் முழங்காலில் இருந்து ஒவ்வோர் அடியாய் மண்ணைத் தோண்டிய எங்கள் ஊர்ப் பெண்களும் உண்டு. குடும்பிமலை அடிவாரத்துத் தடத்தில் முதல் முதலாய்ச் சில்லு உருண்டபோது அவர்களை நினைத்தேன். இப்போதும் அங்கே மிதிபட்ட தடத்தை விட்டு விலக மாட்டேன். அறியாத இரும்பு எதையும் கையால் தொடவும் மாட்டேன்.

எப்போது போவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் கச்சான். மேற்கிலிருந்து, மலைநாட்டைத் தாண்டி, ஈரமெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, எங்களுக்கு வரும்போது அனலாய் வரும். விடியற்காலையில் அது தூங்கும். அப்போதே மேற்கு நோக்கிப் போய்விட்டால், ஒன்பது பத்து மணிக்கு அது எழும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வாவிக்கரையில் விடும். பிந்தி வெளிக்கிட்டுப் பகலெல்லாம் அதன் முகத்தில் ஓடிய ஒரு நாளில், மூன்று லீற்றர் தண்ணீரும் முடிந்து, கரடியனாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கடப்பில் நின்று தண்ணீர் கேட்டேன். அந்த அக்கா தண்ணீர் தரவில்லை. மோரைக் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, உப்புக் கூட்டிச் செம்பில் தந்தார். இரண்டாம் செம்பும் தந்துவிட்டு, "ரோட்டால போகாம ஏன் புள்ள இதால?" என்று கேட்டார். எனக்குச் சரியான பதில் அப்போது வரவில்லை. "இதால வந்தாத்தானே உங்கட வீடு வரும்" என்றேன்.

இரண்டு வருடத்தில் நான் ஓடிய தடங்களில் நான்கைந்து இப்போது இல்லை. ஒன்று கொங்கிறீற் வீதியாகிவிட்டது. அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்து நனையாமல் மாரியில் போகிறார்கள், எனக்கு அதில் சந்தோசம்தான். இன்னொன்றுக்குக் குறுக்கே யானை வேலி வந்துவிட்டது, மற்றது பற்றையாகிவிட்டது, மேய்ப்பவர் மாட்டை விற்றுவிட்டாராம். மாடு போகாவிட்டால் ஒரு மாரியில் பாதை மூடிவிடுகிறது. அதனால் நான் ஓடும் தடங்களைப் போனில் பதிந்து வைத்தாலும் பொதுவில் போடுவதில்லை. வர விரும்புகிறவர்கள் எழுதுங்கள், கூட்டிப்போகிறேன். பட்டிக்காரருக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அம்பிளாந்துறைப் பெரியவரின் கதைக்கு வருகிறேன். தேத்தண்ணி குடித்து முடிய, திரும்பும்போது பாதையாலேயே போகச் சொல்லி அவரே என்னை இறங்குதுறைக்குக் கூட்டி வந்தார். பாதை அக்கரையில் நின்றது. ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பால் கலன், சீருடையில் ஒரு பிள்ளை, நான். பாதை வந்து கரையில் இடித்து நின்றதும், ஓட்டுகிறவர் என் சைக்கிளைத் தூக்கித் தளத்தின் நடுவில் வைத்து, ரயரிலிருந்த சேற்றை ஒரு விரலால் வழித்துப் பார்த்தார்.

"வட்டைச் சேறு. வெள்ளாமை போட்டாச்சா அங்கால?"

"சிறுபோகம் குடலை கட்டுது."

"அப்ப ஐப்பசிக்கு முதல் இன்னொருக்கா வாங்க. மழை புடிச்சா அதால ஏலா, நீங்க தை முடியுமட்டும் இருக்கோணும்."

எஞ்சினைத் தட்டினார். குருக்கள்மடத்துக் கரை மெல்ல எங்களை நோக்கி வந்தது.